கையைப் பற்றி எழுதினோம், கை செய்ததை எழுதவில்லை

பத்து வருஷத்துக்கு முன்னால் என் பெரியம்மா மகனின் கைகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. கிரீஸ் ஏறிய ரேகைகள், வெடித்த உள்ளங்கை, நகம் போன மோதிர விரல் என்று போகும் அது. தோழர்கள் பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் வாசித்தேன், கைதட்டினார்கள். அண்ணன் அப்போது ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வேலை. லீவில் வந்தபோது பத்திரிகையை நீட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கையப் பத்தி எழுதிகிற. கை இன்னா பண்ணுச்சுன்னு ஒரு வரி கூட எழுதலியே தம்பி."

அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். கவிதைக்கு வேறு வேலை, யூசர் மேனுவலுக்கு வேறு வேலை என்று உள்ளுக்குள் ஒரு பதிலும் தயார் பண்ணிக்கொண்டேன். இப்போது அந்தப் பதில் பொய் என்று தெரிகிறது. கை என்ன பண்ணியது என்பதைக் கேட்காமல் விட்டது நான் மட்டும் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் இரும்பு வாடையும் எண்ணெய் வாடையும் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 கடைசியில், குளிர் காலத்தில், அண்ணன் ஒரு அமெரிக்க பிக்கப் லாரியின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைத் தன் தங்குமிடத்துப் பின்சந்தில் வைத்து முழுசாகப் பிரித்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும். நான்கு வெள்ளி ஆனது. வண்டி கூடத் தங்கியிருந்த ஒரு மலையாளி டிரைவருடையது. காய்கறி ஏற்றப் பழையதாக வாங்கியது. வண்டியும் பெட்டியும் எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியம் இல்லை.

பட்டறையில் அண்ணனுக்கு அந்தப் பெட்டியைத் தொட அனுமதி கிடையாது. ஏழு வருஷம் அங்கே இருந்தும் விசாவில் 'ஹெல்பர்', வேலையில் கழுவுகிற ஆள். பெட்டியைப் பிரிப்பது பெஷாவர்க்கார உஸ்தாத். பிரித்த சாமான்களை டீசலில் போட்டுக் கழுவி, காற்றடித்து, துணி விரித்து அடுக்குவது அண்ணன். உஸ்தாத் நல்ல மனுஷன், கேட்டால் சொல்லக்கூடியவர். ஆனால் ஆள்போடுகிற சூப்பர்வைசர் நம்ம ஜில்லாக்காரர். முதல் வாரமே "எந்த ஊரு, ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர். கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று நம்புகிற தோழர்கள் வளைகுடாவுக்கு ஒரு நடை போய் வரலாம். அண்ணனுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் ஹெல்பரிலிருந்து மெக்கானிக் ஆனார்கள். இவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கழுவுகிற இடம்தான் அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. இது சூப்பர்வைசர் எதிர்பார்க்காதது. யோசித்துப் பாருங்கள். பிரிக்கிறவன் ஒரு பெட்டியைப் பிரிப்பான், அடுத்ததற்குப் போவான். கழுவுகிறவன் கையில்தான் எல்லாப் பெட்டியின் எல்லாச் சாமானும் வந்து விழுகிறது. எந்தத் தகடு கருகியிருக்கிறது, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, அடித்தட்டில் படிந்திருக்கிற பொடி பித்தளை நிறமா, எஃகு நிறமா, எண்ணெய் சிவப்பா, கறுப்பா, தீய்ந்த வாடை அடிக்கிறதா என்று பார்க்கிறவன் அவன்தான். நோயை முதலில் தொடுகிறவன். பிரசவம் பார்த்த நம்ம ஆயாக்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ அந்த மாதிரி. அவர்களுக்கும் யாரும் சான்றிதழ் தரவில்லை.

மாணவத் தோழர்களுக்காக அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். நம் ஊர் லாரிகளில் பெரும்பாலும் கைக் கியர்தான். காலால் கிளட்சை மிதித்து, கையால் கம்பியைத் தள்ளுகிறோம். ஆட்டோமேட்டிக்கில் மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இரும்பு இணைப்பு இல்லாமல் எண்ணெய் இருக்கிறது. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு எதிரில் கரண்ட் கொடுக்காத இன்னொரு விசிறியை வைத்தால் அதுவும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரு மூடின பாத்திரத்துக்குள் அடைத்து, நடுவில் எண்ணெயைத் திருப்பிவிட மூன்றாவது இறக்கைச் சக்கரம் ஒன்றைப் போட்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். அதற்குப் பின்னால் பிளானட்டரி பல்சக்கரங்கள். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஒரு கூட்டில் மாட்டிய குட்டிச் சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து உள்பல் வைத்த வளையம். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றைச் சுற்றினால் மூன்றாவது ஒரு வேகத்தில் சுற்றும். பிடிக்கிற ஆளை மாற்றினால் வேகம் மாறும், திசையே மாறும். பிடிப்பதற்கும் விடுவதற்கும்தான் கிளட்ச் தகடுகளும் ஒரு எஃகுப் பட்டையும். அவற்றை அழுத்துவது பம்ப் கொடுக்கிற எண்ணெய் அழுத்தம். எந்த நேரத்தில் எங்கே எண்ணெய் போக வேண்டும் என்று முடிவு பண்ணுவது வால்வு பாடி. வாய்க்கால் வாய்க்காலாக வெட்டிய ஓர் அலுமினியப் பலகை, நடுநடுவே சிறு குண்டுகள்.

"யாரப் பிடிக்கிறோம், யார விடுறோம், அவ்ளோதான் கியரு" என்பார் அண்ணன். உடனே எனக்குள் இருக்கிற கவிஞன் துள்ளி எழுந்து, இதை அதிகாரத்துக்கு உவமையாக்கலாமா என்று பேனாவைத் தேடினான். "உவமை வேணாம், வேலையக் கேளு" என்றார்.

சரி, வேலை. டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து சொன்னது இவ்வளவுதான்: ரிவர்ஸ் போகவில்லை, முன்னால் போகிறது, ஆனால் இழுவை சரியில்லை. அண்ணன் ஓட்டிப் பார்த்தார். ஒன்றாம் கியர் இருந்தது. இரண்டு இல்லை. மூன்று இருந்தது. நான்கு இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உள்ள சன் கியரப் பிடிக்கிற கூடு உடஞ்சிருச்சி" என்றாராம். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

இது எப்படி என்று நான் கேட்டேன். அந்த ரகப் பெட்டியில் பின்பக்கத்து நடுச்சக்கரத்தையும் முன்னால் இருக்கிற டிரம்மையும் இணைப்பது மணி மாதிரிக் கவிழ்த்த ஒரு தகட்டுக் கூடு. இரண்டாம் கியரிலும் நான்காம் கியரிலும் பட்டை டிரம்மைப் பிடிக்கும், கூட்டின் வழியாக நடுச்சக்கரம் நிற்கும். ரிவர்ஸில் அதே கூட்டின் வழியாக நடுச்சக்கரம் சுற்றும். ஒன்றிலும் மூன்றிலும் அந்தக் கூட்டுக்கு வேலை இல்லை. ஆகவே இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் ஒன்றாகச் செத்து, ஒன்றும் மூன்றும் உயிரோடு இருந்தால், மூன்றுக்கும் பொதுவான ஒரே சாமான் எது? கூடு. அதன் கழுத்தில் இருக்கிற பற்கள் சிரைந்துபோயிருக்கும். தர்க்கசாஸ்திரம் என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்களே, அதில் இதைவிடச் சுத்தமான அனுமானம் எத்தனை இருக்கும்? இதைச் செய்தவரை அந்தப் பட்டறையின் சம்பளப் பதிவேடு கழுவுகிற ஆள் என்றது. நான் அவரைக் கறுப்பு ரேகை என்று எழுதினேன்.

கூடு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. கன்வெர்ட்டர், பம்ப், டிரம்கள், பட்டை, முன்பக்கத்துப் பல்சக்கரம் எல்லாம் வெளியே வந்தால்தான் அதைத் தொட முடியும். பம்பை வெளியே இழுக்கக் கம்பெனிக் கருவி ஒன்று உண்டு, கம்பியில் ஓடுகிற சுத்தியல். அண்ணனிடம் கிடையாது. பம்பில் இருக்கிற மரை ஓட்டைக்குப் பொருந்துகிற நீளமான மரைக்கம்பியை வாங்கித் திருகி, அதில் தங்குமிடத்துப் பையன்கள் கசரத்துக்கு வைத்திருந்த எடைத்தட்டு ஒன்றை மாட்டி, முனையில் நட்டைப் போட்டார். தட்டை நட்டு வரைக்கும் விசிறி அடித்தால் அந்த அதிர்ச்சியில் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். கிளட்ச் பிஸ்டன்களின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் லாக்கைக் கழற்ற முடியும். அதற்கும் மரைக்கம்பி, வெல்டிங் கடையில் கேட்டு வாங்கிய இரும்புத் தட்டு, வாய் அறுத்த ஒரு குழாய்த் துண்டு. நட்டை முறுக்க முறுக்க ஸ்பிரிங் படியும். சின்ன டிரம்முக்கு சி-கிளாம்ப்.

வால்வு பாடியின் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் ஒன்றோடொன்று கலந்தால் தொலைந்தது. எது எங்கிருந்து வந்தது என்று வரிசையாக வைக்க வேண்டும். சமையல்கட்டில் இருந்த இட்லித் தட்டை எடுத்துவந்துவிட்டார். குழிக்கு ஒரு குண்டு, பக்கத்தில் அதன் ஸ்பிரிங். அடுத்த நாள் காலையில் இட்லி ஊற்றப் போனவர்கள் போட்ட சண்டையில் புதுத் தட்டு வாங்கித் தர வேண்டியதாயிற்று. மறுபடி பூட்டும்போது அந்தக் குண்டுகள் விழாமல் இருக்க வேஸ்லின் தடவி ஒட்டினார். கிரீஸ் வைக்கக் கூடாது. கிரீஸ் அந்த எண்ணெயில் கரையாது, வாய்க்காலை அடைக்கும். வேஸ்லின் சூட்டில் உருகிக் கலந்துவிடும். டெப்லான் வளையங்களைப் பிளாஸ்கிலிருந்த வெந்நீரில் போட்டு இளக்கி மாட்டி, குளிர்பான டப்பாவை வெட்டிய தகட்டுப் பட்டையைச் சுற்றி, ஓஸ் கிளிப்பால் இறுக்கி ஆறவிட்டு அளவுக்குக் கொண்டுவந்தார். புதுக் கிளட்ச் தகடுகளைப் பூட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறப்போட வேண்டும். காய்ந்த தகட்டைப் பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். இதைப் போனில் சொன்னபோது பெரியப்பா சிரித்தாராம். அவர் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் காலம் பூரா வேலை செய்தவர். "ஊறாத தோல்ல கை வெச்சா நாசம்தான். இத்தக் கத்துக்க நீ கடல் தாண்டிப் போவணுமா?" என்றாராம்.

முதல் தடவை சரியாக வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஜெயித்த கதையாக மட்டும் சொல்லிச் சொல்லித்தான் நம் கதைகள் நீர்த்துப்போகின்றன. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ரப்பர் சீலின் உதடு ஒரு இடத்தில் மடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. பூட்டி, ஏற்றி, ஓட்டிப் பார்த்தால் மூன்றாம் கியரில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மறுபடி இறக்கி, மறுபடி பிரித்தார். அந்த வாரம் உஸ்தாதிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது அவர் ஒன்றும் சொல்லாமல், மீன் பிடிக்கிற நைலான் நரம்பை ஒரு முழம் வெட்டிக் கையில் கொடுத்தார். அதை வளையமாக்கிச் சீலின் உதட்டைச் சுற்றி ஓட்டிக்கொண்டே தள்ளினால் உதடு மடங்காமல் உள்ளே போகிறது. பிறகு டயர் கடைக்காரரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கம்ப்ரெஸரை வாங்கி, எண்ணெய் போகிற ஓட்டைகளில் ரப்பர் முனை வைத்துக் காற்று ஊதினார். பிஸ்டன் சரியாக இருந்தால் 'தொப்' என்று ஒரு அடி கேட்கும். சீல் கிழிந்திருந்தால் 'புஸ்' என்று போகும். பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மிச்சம். ஒரு விரலும் மிச்சம்.

விரலுக்கு வருகிறேன். எண்ணெய் வடித்த பிறகும் அந்தப் பெட்டி எழுபது கிலோ இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதை இறக்க, ஏற்ற ஒரு ஜாக்கி உண்டு. மேலே தொட்டில் மாதிரி வைத்து, சங்கிலி போட்டு, நாலு பக்கமும் சாய்க்கலாம். இவர்களிடம் இருந்தது ஒரு பலகையும் ஒரு போர்வையும் இரண்டு பேர் நெஞ்சும். இரண்டாம் தடவை இறக்கும்போது பலகை நழுவி, பெட்டியின் விளிம்புக்கும் வண்டியின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் வலதுகை மோதிர விரல் மாட்டியது. நகம் போனது. நுனி இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கிறது.

என் கவிதையில் அந்த விரல் ஒரு படிமம். உழைப்பின், வலியின், வரலாற்றின் இன்னும் என்னென்னவோவின் படிமம். உண்மையில் அங்கே ஒரு ஜாக்கி இல்லை, அவ்வளவுதான்.

என் சண்டை இரண்டு கூட்டத்தோடு. ஒன்று, 'ஜுகாட்' என்று இந்தியில் பெயர் வைத்து, கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் இந்திய ஏழையின் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிற மேனேஜ்மெண்ட் பண்டிதர்கள். 2012இல் இதற்கு ஆங்கிலத்தில் புத்தகமே வந்துவிட்டது. குளுகுளு அறையில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். சாமர்த்தியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இட்லித் தட்டைப் பார்த்து வியக்கிறவன் பலகையைப் பார்த்து ஏன் வாயை மூடிக்கொள்கிறான்? கருவி இல்லாமலேயே சமாளித்துவிடுகிற ஆளுக்குக் கருவி எதற்கு என்பதில் போய் முடிகிற பாராட்டு அது. செருப்பு இல்லாமல் நடந்து பழகின காலுக்குச் செருப்பு எதற்கு என்று ஊருக்குள் சொன்னார்களே, அதே குரல், டை கட்டிக்கொண்டு.

இன்னொரு கூட்டம் நாம்தான். நம் கவிதை, நம் ஓவியம், நம் மேடை. உழைக்கும் உடல், வியர்வை, காயம், கோபம் எல்லாம் எழுதினோம். எழுத வேண்டியவைதான். ஆனால் அந்த உடம்புக்குள் ஒரு அனுமானம் நடக்கிறது, ஒரு கணக்கு ஓடுகிறது என்பதை எத்தனை பக்கத்தில் எழுதியிருக்கிறோம்? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கியது என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். அந்த அடுக்கில் மேலே போகப்போக மூளை, கீழே வரவர கை. நாம் கையைக் கொண்டாடியபோது அந்த அடுக்கைக் கலைத்தோமா, கீழ்த்தட்டுக்குப் பூ வைத்தோமா? ஆயுத பூஜையன்று எங்கள் வங்கியில் பிரிண்டருக்குக் குங்குமம் வைக்கிறார்கள், ரப்பர் ஸ்டாம்புக்குப் பொட்டு. வருஷத்துக்கு ஒரு நாள் கருவியைக் கும்பிடுகிற நாட்டில் கருவி பிடிக்கிறவனுக்கு வருஷம் முழுக்கப் பலகையும் போர்வையும்.

அமெரிக்காவிலும் இந்தப் பெட்டிகளை வீட்டில் வைத்துப் பூட்டுகிறவர்கள் நிறைய உண்டு. அதே மரைக்கம்பி, அதே சி-கிளாம்ப், அதே வேஸ்லின். இட்லித் தட்டுக்குப் பதிலாகக் கேக் சுடுகிற குழித்தட்டு. அங்கே வண்டியைப் பழுது பார்க்கும் உரிமைக்காகச் சட்டமே கேட்டார்கள். மாசசூசெட்ஸில் 2012இல் மக்கள் வாக்கெடுப்பில் ஜெயிக்கவும் செய்தார்கள். பூட்டின பெட்டி ஓடாவிட்டால் அவர்களில் பலருக்கு ஓட்ட இன்னொரு வண்டி இருக்கும். பெரும்பாலும் அது ஒரு பொழுதுபோக்கு, தாங்களே செய்தோம் என்ற பெருமை. அண்ணனுக்கு அது திருட்டு வேலை. பட்டறைக்குத் தெரிந்தால் டிக்கெட் கிழிந்திருக்கும். ஒரே வேஸ்லின்தான், ஆனால் ஒரே வேலை இல்லை.

இதில் நம் ஆட்கள் செய்கிற ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் ஸ்பைக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர் 1932இல் கியர் மாற்றும் அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வைத்து, ஆட்டோமேட்டிக் கியரையே கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பட்டியல் போடுகிறார்கள், நம் துண்டறிக்கைகளிலும் பார்த்தேன். அப்படி இல்லை. எண்ணெய் வழியே விசையைக் கடத்துகிற கன்வெர்ட்டரைக் கப்பலுக்காக ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இலேயே பதிவு செய்துவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் 'ஹைட்ராமேட்டிக்' பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இலகு டாங்கிகளில்கூட அது ஓடியது. பல கைகள், பல மூளைகள். ஸ்பைக்ஸ் அவற்றில் ஒருவர். நிறவெறி கொடிகட்டிப் பறந்த நாட்டில் காப்புரிமை வாங்கியதே போதுமான பெருமை. ஊதிப் பெருக்கினால் எதிராளி ஒரு ஊசியால் குத்திவிட்டுப் போய்விடுவான்.

அண்ணன் 2020இல், கொரோனாவில், வேலை போய்த் திரும்பி வந்தார். நெடுஞ்சாலை ஓரம் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார். இப்போது நம் ஊரிலும் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகிவிட்டன, வேலைக்குக் குறைவில்லை. 2021இல் கடன் கேட்டு விண்ணப்பித்தார். டிரான்ஸ்மிஷன் ஜாக்கி, பிரஸ், கம்ப்ரெஸர், டயல் கேஜ், இரண்டு தூண் லிஃப்ட், எல்லாம் சேர்த்து ஆறு லட்சம்.

தலித்துகளுக்கும் பெண்களுக்கும் என்று 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியாவில் அப்போது கடன் பத்து லட்சத்தில்தான் ஆரம்பித்தது. ஆறு லட்சம் கேட்டவனுக்கு அந்தக் கதவு உயரம். முத்ராவில் போடலாம். சிறுதொழில்களிடம் பத்து லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது 2010இலிருந்து அப்போது வரை ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. கேட்கவில்லை. வேறு கேட்டார்கள். கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு தவறியவர். தொழில் தகுதிச் சான்று: இல்லை. அனுபவச் சான்று: ஷார்ஜா பட்டறையின் கடிதம் இருந்தது. அதில் பதின்மூன்று வருஷம் 'ஹெல்பர்'.

அந்த வங்கிக் கிளையில் குமாஸ்தா நான். சொந்தக்காரர் கோப்பு என்பதால் நான் தொடவே கூடாது, தொடவில்லை. ஆனால் திருப்பி அனுப்பும் கடிதத்துக்கு ஒரு அச்சடித்த வாசகம் உண்டு: 'தகுதியை நிரூபிக்கும் ஆவணம் இணைக்கப்படவில்லை.' அந்த வாசகத்தை மூன்று வருஷத்துக்கு முன்பு கணினியில் ஏற்றி வைத்தவன் நான். வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்று எனக்குப் பெயர். அந்த வரியோடு எத்தனை பேருக்குக் கடிதம் போனது என்று தெரியாது. ஒன்று எங்கள் திண்ணைக்கு வந்தது.

அண்ணன் கோபப்படவில்லை. கவலைப்பட்டது டயல் கேஜுக்குத்தான். இழுக்க, அமுக்க, பிடிக்க, ஒட்ட எதற்கும் மாற்று உண்டு என்பார். அளக்க மாற்று கிடையாது. பெட்டிக்குள் தண்டு முன்பின் எவ்வளவு ஆடலாம், கிளட்ச் தகடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது தலைமயிர் கணக்கு. இடைவெளிக்கு ஃபில்லர் கேஜ் போதும். ஆட்டத்துக்கு டயல் கேஜ்தான். ஷார்ஜாவில் அந்த நான்கு வாரத்தில் அவர் காசு போட்டு வாங்கிய ஒரே கருவி அதுதான், சம்பளத்தில் ஒரு பங்கு. திரும்பி வரும்போது லக்கேஜ் எடையில் அதுவும் விட்டுப்போனது. ஜுகாட் பண்டிதர்கள் யாராவது வந்து இட்லித் தட்டால் தலைமயிரை அளந்து காட்டட்டும்.

போன வருஷத்திலிருந்து ஞாயிறுதோறும் மூன்று பேர் உட்காருகிறோம். அண்ணன் சொல்கிறார், நான் எழுதுகிறேன், இயக்கத்துத் தம்பி ஒருவன் படம் போடுகிறான். அவன் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தவன். முதல் நாள் ஒருபக்கக் கிளட்சைக் கையில் கொடுத்தபோது அவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. பெயர் சொன்னதும் அதன் சூத்திரத்தை மடமடவென்று சொன்னான். நான் சிரித்தேன், அண்ணன் என்னை முறைத்தார். "அவனுக்கு எவனும் சாமானக் காட்டல. எனக்கு எவனும் கணக்கக் காட்டல. இதுல இன்னாடா சிரிப்பு?" என்றார். இப்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடுவதில்லை. நான்தான் நடுவில் ஆள் இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழில் எந்த வார்த்தை போடுவது என்பதில் தகராறு. கலைச்சொல் அகராதியைப் புரட்டினால் வருகிற சொற்களைப் பட்டறையில் சொன்னால் ஆள் ஓடிவிடுவான். பட்டறையில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுவது என்று முடிவு பண்ணியிருக்கிறோம். டிரம்மு டிரம்மு, லாக்கு லாக்கு. 'தொப்'பும் 'புஸ்'ஸும் அப்படியே இருக்கும்.

கடன் விண்ணப்பத்தை இந்த முறை வேறு வங்கியில் போட்டிருக்கிறோம். கைப்பிரதியின் முதல் அறுபது பக்கத்தை நகலெடுத்து, 'தகுதியை நிரூபிக்கும் ஆவணம்' என்று எழுதி இணைத்தேன். களஅதிகாரி வருகிற புதன்கிழமை கொட்டகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன ஞாயிறு கன்வெர்ட்டர் மாட்டுகிற இடம் எழுதினோம். சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், ஒவ்வொரு படியிலும் 'டக்' என்று உட்காரும், மூன்று தடவை உட்கார வேண்டும் என்றார். மூன்று 'டக்' என்று எழுதி முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனேன். நிறுத்தினார். "ரெண்டு டக்கு கேட்டதும் போதும்னு வுட்டுட்டு போல்ட்ட முறுக்குவானுங்க. பம்பு பொளந்துக்கும். ஸ்கேல வெச்சி ஆழம் பாக்கச் சொல்லி எழுது. நானே ஒருவாட்டி ஒடச்சிகிறேன், அதயும் எழுது."